இன்காய்ஸின் மீன் அறிவிப்பு, அலை அறிவிப்பு: பைபர் படகுக்கு எது கை கொடுக்கும்?

ஐதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தைக் கடற்கரையில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்காய்ஸ் என்றால் போதும். 1999-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மீனவர்களுக்கு அது தரும் சேவைகளில் முக்கியமானவை இரண்டு. மீன் கூடும் வாய்ப்புள்ள இடத்தைச் சொல்லும் அறிவிப்பு ஒன்று. அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றைச் சொல்லும் கடல்நிலை முன்னறிவிப்பு இன்னொன்று. இரண்டும் இலவசம், இரண்டும் தமிழில் கிடைக்கும்.

இந்த மதிப்பீடு 28 முதல் 32 அடி பைபர் படகில், 10 ஹெச்.பி. அளவு இன்ஜினோடு, நான்கைந்து பேர் போய் அன்றே கரை திரும்பும் தொழிலுக்கானது. நாலு நாள் தங்கும் விசைப்படகுக்குக் கணக்கு வேறு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மீன் அறிவிப்புக்குப் பத்துக்கு ஐந்து, அலை அறிவிப்புக்கு எட்டரை. ஊரில் பேச்சு என்னவோ மீன் அறிவிப்பைப் பற்றித்தான்; அலை அறிவிப்பை ஆழ்ந்து படிக்கிறவர்கள் குறைவு.

மீன் அறிவிப்பில் மந்திரம் எதுவும் இல்லை. மேல்மட்ட நீரின் வெப்பத்தையும், நீரில் இருக்கும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் முட்டிக்கொள்ளும் கோட்டில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் அறிவிப்பு சொல்கிறது. கடலுக்குள் மீன் கூட்டத்தை யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. இது புரியாமல் 'மீன் இருக்குன்னு சொன்னான், போனா ஒண்ணுமில்ல' என்று திட்டுவதில் பயன் கிடையாது.

தமிழ்நாட்டுக் கடலை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரித்து அறிவிப்பு வருகிறது. ஒவ்வொரு வரியிலும் இறங்குதளத்தின் பெயர், திசை, அதன் பாகை (டிகிரி) கணக்கு, கரையிலிருந்து தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். தூரம் கிலோமீட்டரில், ஆழம் மீட்டரில். ஆழத்தைப் பாகம் என்ற பழைய அளவில் பேசிப் பழகியவர்கள் மீட்டரை 1.83-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 40 மீட்டர் என்றால் ஏறக்குறைய 22 பாகம்.

ஒரு ஊருக்கு ஒரு புள்ளிதான் கொடுத்திருப்பார்கள். அந்தப் புள்ளி, நீண்ட கோட்டில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விழும் ஒரு இடம், அவ்வளவே. தரங்கம்பாடிக்காரர் தன் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், மேலே பூம்புகார் வரியையும் கீழே காரைக்கால், நாகப்பட்டினம் வரிகளையும் பார்த்து, புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் கோடு எப்படி வளைகிறது என்று தெரியும். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே புள்ளியில் போய் வலைமேல் வலை விழுந்து சண்டை போடுவதும் குறையும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஜி.பி.எஸ். கருவியில் எண்ணைப் போடும்போதுதான். அறிவிப்பு டிகிரி, நிமிடம், விநாடி என்ற முறையில் வருகிறது. படகில் இருக்கும் கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறையில் இருக்கும். மாதிரிக்கு ஒரு புள்ளி: வடக்கு 10 டிகிரி 48 நிமிடம் 30 விநாடி, கிழக்கு 80 டிகிரி 6 நிமிடம் 15 விநாடி. விநாடியை 60-ஆல் வகுக்க வேண்டும். 30 விநாடி அரை நிமிடம், 15 விநாடி கால் நிமிடம். ஆகக் கருவியில் போட வேண்டியது 10 டிகிரி 48.500, 80 டிகிரி 06.250. அவசரத்தில் 48.30 என்று போட்டால் 370 மீட்டர் பிசகும். மீன் தேடுகிறவருக்கு அது பெரிய நஷ்டமில்லை. போட்ட வலையைத் தேடுகிறவருக்கு, அதுவும் இருட்டில், நஷ்டம்தான்.

இதைவிட மோசமானது இன்னொன்று. கைப்பேசிச் செயலிகள் சில வெறும் டிகிரித் தசமத்தில் கேட்கும். அதில் 10.4830 என்று தட்டிவிட்டால் இடம் தெற்கே 36 கிலோமீட்டர் தள்ளிப் போகும். சரியான எண் 10.8083. நாகப்பட்டினத்துக்கு எதிரே போக வேண்டிய படகு வேதாரண்யம் பக்கத்துக் கடலில் நிற்கும். போன தூரமும் கொஞ்சநஞ்சமல்ல, போனதும் எல்லைப் பக்கம். கருவியின் அமைப்புப் பக்கத்தில் இடக்குறி முறையைப் பார்த்து, முடிந்தால் டிகிரி-நிமிடம்-விநாடிக்கே மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மாற்றிய பிறகு உங்கள் ஊர் முகத்துவாரத்தின் குறி திரையில் சரியாக விழுகிறதா என்று ஒரு தரம் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எரிபொருள். சின்னப் படகுக்கு மீன் அறிவிப்பு தேறுமா தேறாதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

10 ஹெச்.பி. டீசல் இன்ஜின் முழு இழுவையில் மணிக்கு 2 லிட்டர் சுமாருக்குக் குடிக்கும். படகு மணிக்கு 6 கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வலை போடும் இடம் 15 கிலோமீட்டரில். அறிவிப்பு சொல்லும் இடம் 45 கிலோமீட்டரில். போகவர 60 கிலோமீட்டர் கூடுதல். ஐந்தரை மணி நேரம், 11 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஆயிரம் ரூபாய் இங்கேயே போகிறது. மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 ஹெச்.பி. அவுட்போர்டு என்றால் வேகம் கூட, குடிப்பதும் கூட: மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடி 5 லிட்டர் செலவானால் அதே 60 கிலோமீட்டருக்கு 20 லிட்டர்.

ஆயிரம் ரூபாயை ஒரு நல்ல வஞ்சிரம் ஈடுகட்டிவிடும். ஐந்தரை மணி நேரத்தை எது ஈடுகட்டும்? விடிகாலை ஏலத்துக்குக் கரை சேர வேண்டிய படகு வெயில் ஏறியபின் வந்தால் வியாபாரி கேட்கும் விலையே வேறு. மீனுக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும் என்பது நம் வெயிலுக்கான கணக்கு. நேரம் கூடினால் ஐஸும் கூட வேண்டும். பைபர் படகின் பெட்டியில் அதற்கு இடம் ஏது? அதனால் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது: வழக்கமான இடத்தைவிட 10 கிலோமீட்டருக்குள் கூடுதல் என்றால் போகலாம். அதைத் தாண்டினால் கைவசம் இருக்கும் வலை அந்த மீனுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முடிவு.

வலைப் பொருத்தம் என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. கோட்டில் கூடுவது மேல்நீர் மீன்: மத்தி, காணாங்கெளுத்தி, பாரை, வஞ்சிரம், சூரை. காணாங்கெளுத்திக்கு 50 மில்லிமீட்டரை ஒட்டிய கண்ணி; வஞ்சிரத்துக்கு 100-ஐ ஒட்டியும் அதற்கு மேலும். படகில் ஒரு வகை வலைதான் ஏற்றியிருக்கிறீர்கள் என்றால், கோட்டில் வேறு மீன் நின்றாலும் வேடிக்கைதான் பார்க்க முடியும். நண்டு வலை, இறால் வலை, திருக்கை வலை போடுகிறவர்களுக்கு இந்த அறிவிப்பு சம்பந்தமே இல்லாதது. அவை அடிமட்டச் சீவன்கள். மேல்நீர் வெப்பத்தைப் பார்த்து அவற்றைச் சொல்ல முடியாது.

பாக் விரிகுடாவிலும் அப்படித்தான். ஆழமே இல்லாத கடல், அடிச்சேறு கலங்கி மேலே நிற்கும். கலங்கல் நீரில் செயற்கைக்கோளின் பச்சையக் கணக்கு தடுமாறும். மண்டபம், தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கத்து நாட்டுப்படகுகள் மீன் அறிவிப்பை விட்டுவிட்டு நேரே அலை அறிவிப்புக்குப் போகலாம்.

இன்னும் இரண்டு குறை. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறிவிப்பு விட்டுவிட்டுத்தான் வரும். மீன்பிடித் தடைக் காலத்தில் அறவே வராது. கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை விசைப்படகுக்கு. அந்த இரண்டு மாதமும் கடலில் தொழில் பார்ப்பது பைபர் படகும் நாட்டுப்படகும் கட்டுமரமும்தான். விசைப்படகின் போட்டி இல்லாமல், மீனுக்கு விலையும் ஏறி நிற்கும் அந்தக் காலத்தில் அறிவிப்பை நிறுத்திவைப்பது சின்னத் தொழிலாளிக்கு நியாயமாகப் படவில்லை. கரையோரத்துக்கு மட்டுமாவது கொடுக்கலாம்.

வந்த அறிவிப்பும் நெடுநேரம் தாங்காது. நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடுகிற கடலில் கோடு நின்ற இடத்தில் நிற்காது. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கண்ணால் சரிபார்க்க வேண்டும்: நீரின் நிறம் மாறுகிறதா, நுரையும் குப்பையும் பாசியும் ஒரே வரிசையாக மிதக்கிறதா, பறவை விழுகிறதா. வரிசை தென்பட்டால் அதன் ஓரமாக வலையை விடலாம். எதுவும் தென்படாவிட்டால் நீவாடு போகும் பக்கம் ஒன்றிரண்டு மைல் தேடலாம். அதற்கு மேல் தேடுவது டீசலுக்குக் கேடு.

இனி அலை அறிவிப்பு. அடுத்து வரும் நாட்களுக்கு, சில மணி நேர இடைவெளியில், அலை உயரம், அலை வரும் திசை, அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட நேரம், காற்று, நீரோட்டம் எல்லாம் இதில் கிடைக்கும். அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணும் பெரும்பாலோர் நினைக்கும் எண் இல்லை.

'அலை உயரம் 2 மீட்டர்' என்றால் எந்த அலையும் 2 மீட்டரைத் தாண்டாது என்று பொருள் கொள்ளக் கூடாது. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒற்றை அலை அதைப்போல இரண்டு மடங்கு வரை எழும்பும். 6 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஆறு மணி நேரத்தில் 3,600 அலை படகைக் கடக்கும். அதில் ஒன்றாவது 4 மீட்டரை நெருங்கும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும். வலையை வாங்கிக்கொண்டு படகு பக்கவாட்டில் கிடக்கும் நேரத்தில் அது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது இடைநேரம். இதுதான் சின்னப் படகுக்கு உயிர்நாடி. 6 விநாடி இடைநேர அலையின் நீளம் ஆழ்கடலில் 56 மீட்டர். 15 விநாடி அலைக்கு 350 மீட்டர். முன்னது உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை: குத்தாக நிற்கும், படகைப் போட்டு உலுக்கும், இன்ஜின் விசிறி நீரைவிட்டு வெளியே வந்து கத்தும். பின்னது தொலைவில் பிறந்து வரும் பெருநீரலை. ஆழத்தில் படகு மெதுவாக ஏறி இறங்கும், வருவதே தெரியாது. கரைக்கு வந்ததும் அதன் குணம் மாறும். அலை நீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறையும் இடத்திலேயே அது தரையை உணரத் தொடங்கும். 15 விநாடி அலைக்கு அது 175 மீட்டர். அங்கிருந்து வேகம் குறைந்து, உயரம் கூடி, கரையில் வந்து மொத்தமாக உடையும். 1 மீட்டர் அலைதானே என்று காலையில் கிளம்பியவர், அதே 1 மீட்டர் 15 விநாடி இடைநேரத்தோடு வருவதைக் கவனிக்காவிட்டால், மத்தியானம் முகத்துவாரத்தில் மாட்டிக்கொள்வார். வத்தம், அதாவது கடல் நீர் வற்றி இறங்கும் நேரத்தில் ஆற்றுநீர் வெளியே தள்ளும், பெருநீரலை உள்ளே தள்ளும், நடுவில் மணல்திட்டு. படகு கவிழ்வது பெரும்பாலும் ஆழ்கடலில் இல்லை, கரை கண்ணுக்குத் தெரியும் இந்த இடத்தில்தான். இடைநேரம் 12 விநாடியைத் தாண்டினால், உயரம் குறைவாக இருந்தாலும், கடல் நீர் ஏற்றம் ஏறும் நேரம் பார்த்து உள்ளே வருவதுபோல் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

கேரளத்தில் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவு. கடல் மட்டும் கரையேறி வரும். தென் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்றுதான் மூலம். கிளம்பிய அலை இங்கே வந்து சேர நாட்கள் ஆகும். அதனால்தான் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் எச்சரிக்கை வந்தது. அந்த நாட்களில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. வானிலையைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் உதவும், இதற்கு மட்டும் உதவாது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கரையில் கிடக்கும் படகுகளை மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். பைபர் உடைவது மோதலில்தான்.

காற்றுக் கணக்கில் அலகைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையம் மீனவர் எச்சரிக்கையில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். வேறு இடங்களில் நாட் கணக்கிலோ விநாடிக்கு மீட்டர் கணக்கிலோ இருக்கும். 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். விநாடிக்கு 10 மீட்டர் என்பது மணிக்கு 36 கிலோமீட்டர். பத்துதானே என்று ஏமாறக் கூடாது. திசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காற்றுக்கு வரும் திசையைச் சொல்வார்கள், நாம் வடக்கிலிருந்து வருவதை வாடை, மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பது போலவே. நீரோட்டத்துக்குப் போகும் திசையைச் சொல்வார்கள். வடக்குக் காற்று தெற்கே தள்ளும். வடக்கு நீரோட்டம் வடக்கே இழுக்கும்.

அந்த நீரோட்ட எண்ணை, நீரோடு மிதந்து போகும் வழிவலை போடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். விநாடிக்கு 0.5 மீட்டர் என்பது பார்க்கச் சின்ன எண், மணிக்கு 1.8 கிலோமீட்டர். இரவு வலையை விட்டு ஐந்து மணி நேரம் கிடந்தால் வலையும் படகும் சேர்ந்து 9 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். திரும்பும் தூரத்தில் அது கூடும் அல்லது குறையும். நீவாடு வடக்கே ஓடும் நாளில் ஊருக்குத் தெற்கே தள்ளி வலையை விட்டால், வாங்கும்போது படகு ஊருக்கு எதிரே நிற்கும். இந்த ஒரு எண்ணால் மிச்சமாகும் டீசல், மீன் அறிவிப்பு தேடித் தரும் மீனைவிடப் பல நாள் அதிகம்.

எட்டரையைப் பத்தாக்க முடியாததற்குக் காரணம் உண்டு. முன்னறிவிப்பு பெரிய பரப்புக்கான கணக்கு. திடீரென்று கிளம்பும் இடிமழைக் காற்று, முகத்துவாரத்து மணல்திட்டு, கல்லடுக்கிய அலைத்தடுப்பின் ஓரம், இவையெல்லாம் அதில் தெரியாது. சில வரைபடங்களின் எழுத்து வெயிலில் கைப்பேசித் திரையில் படிக்கவே முடியாத அளவு பொடி.

அறிவிப்பு கைக்கு வந்து சேரும் வழிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பிஷர் பிரண்ட்' செயலி தமிழில் இருக்கிறது. அலை, காற்று, மீன் இடம் மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும், சர்வதேச எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். சின்னப் படகுக்கு முதலில் ஏற்ற வேண்டியது இதைத்தான். இன்காய்ஸின் சொந்தச் செயலி 'சமுத்ரா'வில் விவரம் அதிகம்.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைப்பேசிச் சிக்னலை நம்ப முடியாது. ஆனாலும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், அதற்குச் சிக்னல் தேவையில்லை. நெட் இல்லாத இடத்தில் முதல்முறை திறந்தால் இருப்பிடம் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும் என்பதால், கரையிலேயே ஒருமுறை திறந்துவிட்டுப் போவது நல்லது.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் சேர வழியே இல்லை. அதற்குப் பிறகு 2019-இல் வந்தது 'ஜெமினி' கருவி. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கிக் கைப்பேசிக்கு அனுப்பும், ஆனால் ஒருவழிப் பாதை. படகிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கும் இருவழித் தகவல் கருவியான டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார்; மதிப்பு சுமார் 364 கோடி ரூபாய். உங்கள் படகுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொருத்தும்போது மேல்மூடி வானத்தைப் பார்த்து, வலைக்கும் கம்பத்துக்கும் மறைவில்லாத இடமாகப் பாருங்கள். மின்கம்பியின் இணைப்புகளைக் கிரீஸ் தடவி, சூட்டில் இறுகும் சுருங்குகுழாய் போட்டு மூடுங்கள். உப்புக்காற்றில் முதலில் செத்துப்போவது இணைப்புதான், கருவி இல்லை.

சில இறங்குதளங்களில் மின்பலகை வைத்து அறிவிப்பை ஓடவிட்டிருக்கிறார்கள். எழுத்து பெரிது, படிக்கச் சுலபம். ஓடுவது எந்தத் தேதி அறிவிப்பு என்று மேல் வரியைப் பார்த்துவிட்டுப் படிக்கவும். கைப்பேசியில் வந்ததை இரவே திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டால் நடுக்கடலிலும் பார்க்கலாம். கைப்பேசியை ஜிப் உறையில் போட்டு, கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் படகில் வரும் எல்லோருடைய கைப்பேசியிலும் ஏற்றிவையுங்கள். ஓட்டுகிறவரிடம் மட்டும் இருந்தால், தண்ணீரில் விழுவதும் அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.